கொல்லிப்பாவை: பேயா, பேரழகியா, அம்மனா?

காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போறதுக்கு முன்னாடியே, போன்ல அவளைப் பார்த்திருப்பீங்க. ‘சிரிச்சே கொல்லும் மர்மப் பொம்மை’னு பயமுறுத்தும் மியூசிக்கோட வர்ற ரீல்ஸ்ல! அவளை வச்சு ஒரு கதை எழுதணும்னு உங்களுக்கும் ஆசையா? அப்போ முதல்ல ஒரு விஷயம்: கொல்லிப்பாவை ஒருத்தி இல்லை, மூணு பேர்!

சங்கப் பாடல்கள்ல வர்றவ, முதல் பாவை. அவ யாரையும் கொல்றதில்லை. குறுந்தொகை 100-வது பாட்டுல கபிலர், வல்வில் ஓரியின் கொல்லிமலையில இருக்கும் பாவையைத் தலைவியோட அழகுக்கு உவமை சொல்றார். நற்றிணை 201-ல பரணர் இன்னும் ஒரு படி மேலே போறார். புயல், மழை, இடி, நிலநடுக்கம் எது வந்தாலும் அந்தப் பாவையோட அழகு அழியாது. அதேபோல அவளும் என் மனசை விட்டுப் போக மாட்டேங்கிறாள்னு தலைவன் புலம்புறான். இங்கே பாவைன்னா மறக்க முடியாதவள்.

ரெண்டாவது பாவை, பின்னாளில் பரவிய கதையில வர்றவ. முனிவர்களைத் தொல்லை பண்ற அசுரர்களைத் தடுக்கச் செஞ்சு வச்ச சிலை. ஆள் வாடை பட்டதும் சிரிக்கும். மயங்கிப் பக்கத்துல வந்தவங்களைக் கொன்னுடும். ரீல்ஸ்காரங்க பிடிச்சுக்கிட்டது இவளைத்தான். ஆனா, இந்தக் கதையிலகூட அவ பேய் இல்லை, காவல்காரி. அதை மட்டும் வசதியா கட் பண்ணிடுறாங்க!

மூணாவது பாவை, எட்டுக்கை அம்மன். கொல்லிப்பாவைதான் இந்த அம்மன்னு மலையில கும்பிடுறாங்க. நமக்கு அவ ஒரு கேரக்டர். அவங்களுக்கோ வேண்டுதலைக் கேட்கிற தாய். அவளை ரத்தக்காட்டேரியா மாத்துற கதை, அந்த மக்களோட சாமியையும் சேர்த்துத்தான் மாத்துது.

அப்போ கற்பனையே பண்ணக்கூடாதா? தாராளமா பண்ணலாம். ஹோமரோட ‘ஒடிஸி’யில சூனியக்காரியா வர்ற சர்சியை, மேடலின் மில்லர் 2018-ல வந்த ‘சர்சி’ நாவல்ல அவளே தன் கதையைச் சொல்ற மாதிரி எழுதினார். பழைய சம்பவங்களை அவர் தூக்கி எறியலை. யார் கண்ணால பார்க்கிறோம்ங்கிறதை மாத்தினார், அவ்வளவுதான்.

நம்ம பாவைகிட்டயும் அப்படிக் கேட்க எவ்வளவோ இருக்கு. காவலுக்குன்னே செஞ்சு நிறுத்தப்பட்டவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிச்சிருந்ததா? அசுரர்கள் எல்லாம் போன பிறகு அவ யாருக்காகக் காத்திருக்கா?

பாவைன்னா பொம்மை மட்டும் இல்லை. கண்ணோட கருமணிக்கும் அதே பேர்தான். அடுத்த தடவை மலை ஏறும்போது அவளைத் தேடுறதோட நிறுத்தாதீங்க. அவ கண்ணுல நாம எப்படித் தெரிவோம்னும் யோசிங்க. உங்க கதை அங்கே இருந்து ஆரம்பிக்கலாம்.