இரண்டு கோடியும் நாற்பதாயிரமும்

கம்பனிக்கு எதிராக வழக்கு வென்றால் கோடிக்கணக்கில் காசு கைக்கு வரும். அரியாலையிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

பக்கத்துச் சுன்னாகத்தைப் பாருங்கள். மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்து கிணறுகள் கெட்டுப்போன வழக்கில், நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய தொகைதான். ஆனால் அது 500 பேர் வரை பகிர வேண்டியது. ஒருவருக்கு ஆகக் கூடியது 40,000 ரூபா.

பாதிக்கப்பட்டவர் மட்டுமே வழக்குப் போடலாம் என்பதும் பிழை. இந்த அடிப்படை உரிமை வழக்கைத் தாக்கல் செய்தவர் ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலர்.

காலமும் முக்கியம். காயத்துக்கு நட்டஈடு கேட்கும் சாதாரண சிவில் வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.