திரை சுருங்கினாலும் ஐகான் இடம் மாறாமலிருக்க

கணினியோடு பழகுவோம் – 17

ரெசல்யூஷன் என்றால் என்ன என்று சென்ற வாரம் பார்த்தோம். இடவலமாக இத்தனை புள்ளிகள், மேல்கீழாக இத்தனை புள்ளிகள் என்ற கணக்குதான் அது. அந்தக் கணக்கு மாறும்போது, டெஸ்க்டாப்பில் நாம் அடுக்கி வைத்த ஐகான்களின் கதி என்ன என்பதை இந்த வாரம் பார்ப்போம். பலர் இதை அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓர் ஆசிரியர் வகுப்பறையில் தன் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் இணைக்கிறார். பாடம் முடிந்து கேபிளைக் கழற்றிப் பார்த்தால், வலப்பக்கம் வகுப்புவாரியாக வைத்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் இடப்பக்கம் வந்து கலந்து கிடக்கின்றன. எதுவும் அழியவில்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலை எடுக்க ஒவ்வொரு பெயராகப் படித்துத் தேட வேண்டியிருக்கிறது.

காரணம், பழகிய ஐகானை யாரும் பெயர் படித்துத் திறப்பதில்லை. அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருக்கும் கிண்ணத்துக்குக் கை தானாகப் போவதுபோல, பழகிய இடத்துக்கு மவுஸ் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கணினியில் பேசும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, “கீழே வலது மூலையில் இருப்பதை அமுக்கு” என்று மகள் சொல்லிக்கொடுத்ததுதான் ஒரே வழிகாட்டி. அந்த மூலை காலியாகிவிட்டால் அவருக்குக் கணினியே மூடிக்கொண்ட மாதிரி.

எதனால் கலைகிறது?

விண்டோஸில் ஒவ்வோர் ஐகானின் இடமும் இரண்டு எண்களாகப் பதிவாகிறது: இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி, மேல் ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி. கணக்கு தொடங்கும் இடம் திரையின் மேல் இடது மூலை. “வலது ஓரத்துக்குப் பக்கத்தில்” என்றோ, “கீழ் மூலையில்” என்றோ அது நினைவில் வைப்பதில்லை.

1920 x 1080 திரையில் ஓர் ஐகான் 1800, 900 என்ற இடத்தில் இருக்கிறது என்று கொள்வோம். திரை 1024 x 768 ஆகிறது. 1800-ம் இல்லை, 900-ம் இல்லை. அந்த ஐகானுக்கு நிற்க இடமே கிடையாது. முன்பு இருந்த சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகளில் மிஞ்சுவது 7 லட்சத்து 86 ஆயிரம்தான். திரைக்கு வெளியே விட்டால் ஐகான் கண்ணிலேயே படாது. அதனால் விண்டோஸ் அதை உள்ளே இழுத்துக் காலியாக இருக்கும் கட்டத்தில் வைக்கிறது. இதுவரை அது செய்தது சரி. திரை மறுபடி பெரிதாகும்போதுதான் சிக்கல்: இப்போது அதனிடம் இருப்பது புதிய இடத்தின் எண்கள். பின்னால் வந்த விண்டோஸ் பதிப்புகள் ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் தனித்தனியாக இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டன. அதனால் சில நேரம் ஐகான்கள் தாமாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

ரெசல்யூஷனைத் தொடாமலே இது நடப்பதும் உண்டு. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்கினால், 1920 x 1080 திரையில் 1280 x 720 திரைக்குரிய அளவு இடம்தான் கிடைக்கும். வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தாலும், வெளி மானிட்டரைக் கழற்றினாலும் இதே கதைதான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்த மானிட்டர்கள் பலவற்றை அணைத்தாலே போதும், கழற்றிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

முன்பு இந்தத் தொல்லை இல்லையா?

ஐகான்களோடு கூடிய டெஸ்க்டாப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1981-ல் வெளியான ஜெராக்ஸ் ஸ்டார். 1984-ல் வந்த முதல் மேக்கின்டாஷின் திரை 512 x 342 புள்ளிகள். திரையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அளவு மாற வழியில்லை, ஐகான் கலையவும் வழியில்லை. பிசி உலகம் வேறு மாதிரி. யாருடைய மானிட்டரையும் யாருடைய கணினியிலும் இணைக்கலாம். 1995-ல் விண்டோஸ் 95 டெஸ்க்டாப் முழுவதையும் ஐகான் வைக்கும் இடமாக்கியது. அந்தக் காலத்து விளையாட்டுகள் பல, திரையை 640 x 480-க்கு இறக்கிவிட்டு ஓடும். ஆட்டம் முடித்து வெளியே வந்தால் ஐகான்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் புரொஜெக்டர். விண்டோஸ் விசையையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் வரும். பெரும்பாலோர் ‘டூப்ளிகேட்’ எடுக்கிறார்கள். அதில் இரண்டு திரைகளுக்கும் பொதுவான ஓர் அளவுக்கு மடிக்கணினி இறங்கிவர நேரும். ‘எக்ஸ்டெண்ட்’ எடுத்தால் மடிக்கணினித் திரை தன் அளவிலேயே நிற்கும், ஐகான்களும் அசையாது. காட்ட வேண்டியதை மட்டும் புரொஜெக்டர் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, ‘வியூ’ என்பதில் ‘ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் உங்கள் அடுக்கு ஒருநாளும் நிலைக்காது. ‘அலைன் ஐகான்ஸ் டு கிரிட்’ இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை.

மூன்றாவது, அன்றாடம் தேவைப்படுபவற்றை மேல் இடது மூலையை ஒட்டி வையுங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. திரை எவ்வளவு சுருங்கினாலும் அந்த எண்கள் திரைக்குள்ளேயே இருக்கும். வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான் முதலில் பறிபோகும்.

நான்காவது, நகல் எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப்ஓகே என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். ஐகான்கள் ஒழுங்காக இருக்கும்போது ‘சேவ்’, கலைந்தால் ‘ரீஸ்டோர்’, அவ்வளவுதான். வீட்டுத் திரைக்கு ஒன்று, அலுவலக மானிட்டருக்கு ஒன்று எனப் பெயரிட்டுத் தனித்தனியாகச் சேமிக்கலாம். ரீஸ்டோர் செய்வதற்குமுன் ரெசல்யூஷனைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். வரிசை மாறினால் ஐகான்கள் மறுபடி சிறிய திரைக்குள்தான் போய் நெருக்கிக்கொள்ளும்.

கணினியை முறையாக ஷட்டவுன் செய்வதும் முக்கியம். ஐகான்களின் புதிய இடத்தை விண்டோஸ் உடனுக்குடன் எழுதி வைப்பதாக எண்ணிவிடக் கூடாது. மின்சாரம் போய் அணைந்தால் அன்று நீங்கள் அடுக்கியது பதிவாகாமலே போகலாம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையளவை மாற்றும் ஒரு மென்பொருள், இது தற்காலிக மாற்றம்தான் என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு மாற்ற வழி இருக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்துங்கள். ஒருவர் தன் கையால் ஒன்றை ஓரிடத்தில் வைத்தார் என்றால் அதில் அவருடைய யோசனை இருக்கிறது. அதுவும் அவருடைய தரவுதான். ஒரு ஃபைலைக் காப்பாற்றுகிற அக்கறையோடு அதையும் காப்பாற்ற வேண்டும்.

அதுவரை, இந்த வாரமே உங்கள் அடுக்கை ஒருமுறை சேமித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் கணினி பயன்படுத்தினால், முதலில் அவர்களுடையதைச் சேமியுங்கள்.

அடுத்த வாரம்: இரண்டு மானிட்டர்களை ஒரே கணினியில் இணைப்பது எப்படி?

(தொடரும்)