கழுத்தில் பூசினால் புற்றுநோய்க்கு மருந்தாகுமா? தைராய்டு சிகிச்சையில் 'மைக்ரோ ஆர்என்ஏ' பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

தைராய்டு புற்றுநோயா, பயப்படாதீங்க, குணமாகிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலானோருக்கு அது உண்மைதான். ஆனால் 'அனாபிளாஸ்டிக்' வகை அப்படியல்ல. தைராய்டு புற்றுநோயாளிகள் 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இது வருகிறது. ஆனால் வந்தால், கழுத்துக் கட்டி சில வாரங்களிலேயே மளமளவென வளர்ந்து குரலையும் மூச்சையும் அடைத்துவிடும். எப்போது கண்டுபிடித்தாலும் இதை நான்காம் நிலை என்றே டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். பழைய சிகிச்சை முறைகளில் நோயாளிகளில் பாதிப்பேர் சுமார் 5 மாதங்களுக்குள் இறந்துவிடுவார்கள். வழக்கமான கதிரியக்க அயோடினும் இதில் எடுபடாது, ஏன்னா இந்த செல்கள் அயோடினை உறிஞ்சும் திறனையே இழந்துவிட்டவை.

மருந்தே இல்லையா?

இருக்கிறது. 'பிராஃப் வி600இ' என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க 2018-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. 36 பேரிடம் நடந்த ஆய்வில் 56 சதவீதம் பேருக்கு கட்டி சுருங்கியது. சிக்கல் என்னவென்றால், அந்த மரபணு மாற்றம் எல்லோருக்கும் இருக்காது. இருப்பவர்களிடமும் ஒரு பாதையை மருந்து அடைத்தால், செல் வேறு பாதையில் வளரத் தொடங்கிவிடுகிறது.

மைக்ரோ ஆர்என்ஏ என்றால் என்ன?

சுமார் 22 எழுத்துகள் கொண்ட குட்டி மரபுத் துணுக்கு. தான் புரதம் எதையும் உருவாக்காது, மற்ற மரபணுக்கள் எவ்வளவு புரதம் தயாரிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும். 1993-ல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. அனாபிளாஸ்டிக் கட்டிகளில் செல்களை இடம்விட்டு நகராமல் பிடித்துவைக்கும் மைக்ரோ ஆர்என்ஏ-200, 30 குடும்பங்கள் குறைந்துபோயிருக்கின்றன. ஆய்வகத்தில் அவற்றைத் திரும்பச் சேர்த்தபோது செல்கள் ஊடுருவும் வேகம் குறைந்தது. ஒரே துணுக்கு பல பாதைகளைத் தொடுவதால், மருந்து அடைக்காத பக்கவழியையும் அடைக்கலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு.

ஊசியா போட்டா என்ன, ஏன் பூசணும்?

இங்கேதான் ஒரு கசப்பான அனுபவம் இருக்கு. 'எம்ஆர்எக்ஸ்34' என்ற மைக்ரோ ஆர்என்ஏ மருந்தை ரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்த்த சோதனை 2016-ல் நிறுத்தப்பட்டது. கடுமையான நோய் எதிர்ப்பு எதிர்வினையால் 4 பேர் உயிரிழந்தார்கள். உடல் முழுக்கப் பரவாமல், கட்டி இருக்கும் இடத்திலேயே மருந்து வேலை செய்தால் இந்த ஆபத்து குறையலாம். தைராய்டு கழுத்தின் முன்பக்கம், தோலுக்கு அருகிலேயே இருப்பது சாதகம்.

ஆனால் தோலின் மேலடுக்கு பெரிய மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது. ஆர்என்ஏவோ உடலின் நொதிகளிடம் சிக்கினால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் அதை நானோ துகளுக்குள் பொதிந்து அனுப்ப வேண்டும். நுரையீரலுக்கோ மூளைக்கோ ஏற்கனவே பரவிவிட்ட கட்டியைக் கழுத்தில் பூசும் ஜெல் எட்டாது. அங்கே மாத்திரைதான் வேலை செய்தாக வேண்டும். அதாவது, இது மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

மைக்ரோ ஆர்என்ஏவை வைத்துத் தயாரித்த புற்றுநோய் மருந்து எதற்கும் இதுவரை அனுமதி இல்லை. எனவே 'கழுத்தில் தடவினால் புற்றுநோய் கரையும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் கிரீம்களை நம்ப வேண்டாம். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அனாபிளாஸ்டிக் என்று உறுதியானால், பிராஃப் பரிசோதனை எடுத்தாச்சா என்று கேளுங்கள்.