தக்காளி வித்தெடுக்கும் முறை

சந்தையில் வாங்கிய தக்காளியின் விதையை வீட்டுக் கொல்லையில் தூவி வளர்ப்போர் பலர். செடி முளைக்கிறது, தழைக்கிறது. ஆனால் காய்த்தவற்றுள் தாய்க்கனியை ஒத்தவை ஒன்றிரண்டே. உடனே மண்ணின்மீதும் உரத்தின்மீதும் பழி போடுவது வழக்கம். குறை பெரும்பாலும் விதையிலேயே இருக்கிறது.

இன்று விற்பனைக்கு வருபவற்றுட் பல, இரு வேறு வகைகளைக் கலந்து உண்டாக்கிய கலப்பின வித்தில் விளைந்தவை. கலப்பினத்தின் முதல் தலைமுறை ஒரே சீராக இருக்கும். அடுத்த தலைமுறையிலோ பாட்டன் பாட்டியின் குணங்கள் பிரிந்து வெவ்வேறாக வெளிப்படும். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து கிரகோர் மெண்டல் 1866-ஆம் ஆண்டில் வெளியிட்ட உண்மை இதுவே. ஆகவே வித்தெடுக்க விரும்புவோர் குணம் நிலைத்த தனி வகையிலிருந்தே தொடங்கவேண்டும். பிறகு இயற்கையே துணைசெய்யும். தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் குழல்போல் ஒட்டி நின்று சூல்முடியை மூடியிருப்பதால், பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது.

வித்துக்கு அழகிய கனியைத் தேடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர், தேரவேண்டியது செடியையே. மலேசியாவின் தாழ்நிலங்களில் இரவிலும் வெப்பம் போதிய அளவு தணிவதில்லை. இரவு வெப்பம் 21 பாகை செல்சியசுக்கு மேற்படின் பல வகைகளில் பூ பிஞ்சாகாமல் உதிரும். கேமரன் மலையில் தக்காளி செழிப்பதற்கு அங்குள்ள குளிர்ச்சியே முதற்காரணம். மற்றொரு பகை வாடல் நோய். நேற்றுவரை பச்சையாய் நின்ற செடி திடீரெனத் துவளும். அதன் தண்டை அறுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் முனை படும்படி பிடித்தால், பால்போன்ற வெண்ணிழை கசிந்து இறங்கும். அதுவே நோய்க் கிருமிக் கூட்டம். மாணவர்க்குக் காட்டத்தக்க எளிய சோதனை இது! கிருமி மண்ணிலேயே தங்குவதால் அவ்விடத்தில் கத்தரி, மிளகாயும் நடலாகாது. இவ்விரு பகையையும் தாங்கிக் காய்க்கும் செடி எதுவோ, அதன் கனி சிறிதாயினும் வித்துக்கு உரியது.

நன்கு பழுத்த கனியின் விதையைச் சாற்றோடு கிண்ணத்திலிட்டு, சிறிது நீர் சேர்த்து நிழலில் வைக்கவேண்டும். விதையைச் சூழ்ந்த வழவழப்பான உறை, கனிக்குள்ளேயே விதை முளைத்துவிடாதபடி காப்பது. புளிக்கும்போது அது கரைகிறது. நம் நாட்டு வெப்பத்திற்கு இரண்டு நாள் போதும். மிகுந்தால் கிண்ணத்திலேயே முளை கண்டுவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும். அடுக்களையில் வைத்தால் வீட்டாரின் கடிந்துரை உறுதி. பின்னர் நீர்விட்டு அலசி, மிதக்கும் பதர்களை நீக்கி, அடியில் தங்கிய விதைகளைப் பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

உலர்ந்த விதையை இறுக மூடும் புட்டியிலிட்டு, வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தால் சில ஆண்டுகள் முளைப்புத்திறன் கெடாது. ஈரக்காற்று மிகுந்த இந்நாட்டில், வறுத்து ஆறிய அரிசியைச் சிறு துணியில் முடிந்து புட்டிக்குள் இடுவது நல்லது. அரிசி நமத்துப்போனால் மாற்றிவிடவேண்டும்.