வர்ஜீனியாவின் காலி நாற்காலி

உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு அரசாங்கக் குடியிருப்பின் இயல்பு நன்கு தெரியும். வாசலில் முருங்கைக் கன்று நடுகிறோம். அது காய்க்கத் தொடங்கும் வேளையில் மாற்றல் உத்தரவு வந்து சேருகிறது. காயைப் பறிப்பவர் அடுத்து வருபவர். வீடு நம்முடையதன்று, பதவியினுடையது என்பதை நினைவிற்கொண்டு சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலும் இத்தகைய வீடு ஒன்று இருக்கிறது. தலைநகரான ரிச்மண்டில் உள்ள அம்மாளிகையில் 1813ஆம் ஆண்டு முதல் அம்மாநிலத்தின் கவர்னர்கள் குடியிருந்து வருகின்றனர். தேர்தலில் வென்று அங்கே குடிபுகுபவர் நான்கு ஆண்டுகள் முடிந்ததும் வெளியேறியே தீர வேண்டும். எவ்வளவு திறம்பட ஆண்டிருந்தாலும், மக்கள் எவ்வளவு விரும்பினாலும், அடுத்த தேர்தலில் அவர் அப்பதவிக்குப் போட்டியிட இயலாது. ஐம்பது மாநிலங்களுள் இத்தகைய விதியை இன்றும் கைக்கொள்வது வர்ஜீனியா ஒன்றுதான்.

அங்கே அடுத்த கவர்னர் தேர்தல் 2029 நவம்பர் 6 அன்று நடைபெற வேண்டும். அதில் யார் யார் போட்டியிடுவர் என்பதை இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் யார் போட்டியிட இயலாது என்பதை இன்றே சொல்லிவிடலாம். 2025 நவம்பரில் 57 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, 2026 ஜனவரி 17 அன்று அம்மாநிலத்தின் முதல் பெண் கவர்னராகப் பதவியேற்ற அபிகெயில் ஸ்பான்பெர்கர் அதில் போட்டியிட இயலாது. பதவியில் இருப்பவர் களத்தில் நில்லாத தேர்தலை அமெரிக்கர் ‘திறந்த இடம்’ என்று வழங்குவர். பிற மாநிலங்களில் அது எப்போதாவது வாய்ப்பது. வர்ஜீனியாவில் அதுவே சட்டம்.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்சொல் அடிக்கடி தொல்லை தருவது. ‘கவர்னர் தேர்தல்’ என்ற செய்தியைக் கேட்டதும், ஆளுநருக்கு ஏது தேர்தல் என்ற ஐயம் நம் நாட்டவர் மனத்தில் எழுவது இயல்பே. நல்ல வேளையாகத் தமிழில் இரண்டு சொற்களும் வழக்கில் உள்ளன. ஆதலின் அமெரிக்கப் பதவியைக் கவர்னர் என்றும், நம் நாட்டுப் பதவியை ஆளுநர் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

நம் ஆளுநரை அரசியல் சட்டத்தின் 155ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆட்சிப் பொறுப்பு முதலமைச்சரிடமும் அமைச்சரவையிடமும் இருக்கிறது. வர்ஜீனியாவின் கவர்னரோ மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படுபவர். நிர்வாகத்தின் தலைவரும் அவரே. அதிகாரத்தால் அவரை நம் முதலமைச்சரோடு ஒப்பிடலாம். எனினும் அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அவரை இறக்கிவிடவும் இயலாது. சட்டமன்றம் இயற்றும் மசோதாவை அவர் மறுத்துத் திருப்பியனுப்பலாம். அதை மீறிச் சட்டமாக்க இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். தில்லியில் வாழும் அன்பர்கள் இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். அங்கே லெப்டினன்ட் கவர்னர் என்பவரும் மக்களால் தனியே தேர்ந்தெடுக்கப்படுபவரே. மேலவைக்குத் தலைமை தாங்குவதும், கவர்னர் பதவி இடையில் காலியானால் அதை ஏற்பதும் அவருடைய கடமைகள்.

கவர்னர்மீது வர்ஜீனியருக்கு இத்தனை எச்சரிக்கை எதனால் வந்தது? விடை அவர்களுடைய விடுதலைப் போராட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேய ஆட்சியில் கவர்னர் என்பவர் அரசரின் பிரதிநிதி. கடைசியாக அப்பதவியில் இருந்த டன்மோர் பிரபு, 1774இல் குடியேற்ற மக்களின் சபையைக் கலைத்தார். 1775 ஏப்ரலில் வில்லியம்ஸ்பர்க் ஆயுதக் கிடங்கிலிருந்த வெடிமருந்தை அகற்றச் செய்தார். மக்களின் சினம் மூண்டது. ஜூன் மாதத்தில் அவர் கப்பலேறித் தப்ப நேர்ந்தது. மறு ஆண்டு, 1776இல், வர்ஜீனியர் தமக்கென ஓர் அரசியல் சட்டம் வகுத்தபோது கவர்னரின் கைகளைக் கட்டியே வைத்தனர். சட்டமன்றமே ஆண்டுதோறும் அவரைத் தேர்ந்தெடுக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் நீடிக்க இயலாது. இறங்கிய பின் நான்கு ஆண்டுகள் கழித்தே மீண்டும் வரலாம். இந்த ஏற்பாட்டின்கீழ் முதற் கவர்னரானவர் பாட்ரிக் ஹென்றி. அவருக்கு அடுத்து வந்தவர், பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன்.

1851ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டமன்றத்திடமிருந்து வாக்காளரிடம் மாற்றியது. பதவிக் காலம் நான்கு ஆண்டுகளாயிற்று. தொடர்ந்து நீடிக்கலாகாது என்ற கட்டுப்பாடு மட்டும் மாறவில்லை. 1971 முதல் நடைமுறையில் உள்ள அரசியல் சட்டத்திலும் அது நிற்கிறது. விதி தடுப்பது தொடர்ச்சியையே அன்றித் திரும்பி வருதலை அன்று. மில்ஸ் காட்வின் என்பவர் 1965இல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் வென்றார். இடையே ஒருவர் ஆண்ட பின், 1973இல் குடியரசுக் கட்சியின் சார்பில் மீண்டும் வென்றார். 2013இல் வென்ற டெரி மெக்காலிப் 2021இல் மறுபடியும் நின்று, கிளென் யங்கினிடம் ஏறத்தாழ 2 சதவீத வித்தியாசத்தில் தோற்றார்.

இவ்விதிக்கு ஒரு விலையும் உண்டு. வர்ஜீனியாவின் வரவு செலவுத் திட்டம் ஈராண்டுகளுக்கு ஒன்றாக வகுக்கப்படுவது. பதவி விட்டு விலகவிருக்கும் கவர்னர் டிசம்பரில் திட்டத்தைச் சமர்ப்பித்துவிட்டு ஜனவரியில் வெளியேறுகிறார். புதியவர் அதில் திருத்தம் கோரலாமே தவிர, முழுத் திட்டத்தை முதன்முறையாகத் தம் கையால் வகுப்பதற்கு ஏறத்தாழ ஈராண்டுகள் காத்திருக்க வேண்டும். அடுத்த திட்டத்தை அவர் வகுக்கும்போதோ, அவரும் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறார். தொடங்கிய பணியை முடிக்கும் வாய்ப்பு ஒருவருக்கும் கிட்டுவதில்லை என்று குறை கூறுவோர் அங்கே பலர். நட்டவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர் என்ற குடியிருப்பு வாழ்க்கையின் குறையே இதுவும்.

சரி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாற்காலி உண்மையிலேயே காலியாக இருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. வெகுகாலம் இல்லை என்பதே வரலாறு தரும் விடை.

ஹாரி பேர்ட் என்பவர் 1926 முதல் 1930 வரை கவர்னராக இருந்தார். விதிப்படி நான்கு ஆண்டுகளில் இறங்கினார். ஆனால் அவர் கட்டியமைத்த அரசியல் அணி 1960களின் நடுப்பகுதி வரை மாநிலத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாற்காலியில் இருப்பவர் மாறினார்; அவரைத் தேர்ந்து உட்கார வைத்த கை மாறவில்லை. அது எவ்வாறு கூடியது? வாக்காளர் பட்டியல் மிகச் சிறியதாக இருந்ததே முதற்காரணம். 1902ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வாக்களிக்க விரும்புவோர்மீது ஆண்டுக்கு 1.50 டாலர் தலைவரி விதித்தது. முந்தைய மூன்று ஆண்டுகளின் வரியையும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே செலுத்தியிருக்க வேண்டும். கறுப்பின மக்களை விலக்குவதே இதன் நோக்கம். அவர்களோடு ஏழை வெள்ளையரும் பெருமளவில் விலக்கப்பட்டனர். வாக்களிப்போர் சிலரே எனில், அச்சிலரைக் கட்டி மேய்ப்பது ஓர் அணிக்கு எளிதன்றோ?

இத்தளை மெல்ல மெல்ல அறுந்தது. மத்திய அரசின் தேர்தல்களில் தலைவரி கூடாதென 1964இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 24ஆம் திருத்தம் விலக்கியது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966இல், வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆனி ஹார்ப்பர் என்னும் மூதாட்டியின் பெயரால் வழங்கும் வழக்கில், மாநிலத் தேர்தல்களிலும் தலைவரி செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன் பின்னரே காலி நாற்காலி என்பதற்கு உரிய பொருள் வந்தது எனலாம். 1989இல் டக்ளஸ் வைல்டர் என்ற கறுப்பினத் தலைவர் கவர்னர் தேர்தலில் நின்றார். அவருடைய தந்தை வழிப் பாட்டனும் பாட்டியும் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். அப்போது பதவியிலிருந்த கவர்னர் விதிப்படி விலகியதால் இடம் திறந்திருந்தது. ஏறத்தாழ 18 லட்சம் வாக்குகள் பதிவாயின. வைல்டர் வென்றது 7,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். அமெரிக்க வரலாற்றில் மக்களால் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பினத்தவர் அவரே. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களுக்குத் தலைநகராக இருந்த அதே ரிச்மண்டில் அவர் பதவியேற்றார். தலைவரி நீடித்திருக்குமாயின், இவ்வளவு குறுகிய வெற்றி கிட்டியிருக்குமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

2025ஆம் ஆண்டுத் தேர்தல் நமக்கு இன்னும் சற்று அண்மையது. கவர்னர் பதவிக்கு நின்ற இருவரும் பெண்கள். தோற்ற வேட்பாளர் வின்சம் எர்ல்-சியர்ஸ் ஜமைக்காவில் பிறந்தவர். அதே நாளில் லெப்டினன்ட் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கஜாலா ஹாஷ்மி நம் ஹைதராபாத்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றவர். குடிபெயர்ந்து வந்தோருக்கு அங்கே இடம் திறந்தது எனில், அதற்குச் சட்டம் நாற்காலியைக் காலி செய்தது மட்டும் காரணமன்று. வந்து சேர்ந்தோர் குடியுரிமை பெற்று, தாம் வாழும் ஊரின் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டு, வாக்குச் சாவடிக்குச் சென்றதும் காரணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென ஒரு காலத்தில் நம் தலைவர்களும் எண்ணினர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1947 ஜூலையில், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது என்றே அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தது. பின்னர், மக்களின் வாக்குப் பெற்ற ஆளுநரும் மக்களின் வாக்குப் பெற்ற முதலமைச்சரும் ஓர் உறையில் இரு வாளாக மோதுவர் என்ற அச்சம் மேலோங்கியது. 1949 மே மாத இறுதியில் சபை தன் முடிவை மாற்றி, நியமன முறையை ஏற்றது. ஆதலின் நம் நாட்டில் வாக்காளர் தீர்ப்புக்கு உரிய நாற்காலி முதலமைச்சருடையதே. அதில் ஒருவர் எத்தனை முறை அமரலாம் என்பதற்குச் சட்டம் வரம்பு விதிக்கவில்லை. அதைக் காலி செய்யும் பொறுப்பும் நிரப்பும் பொறுப்பும் முழுவதும் வாக்காளர்மீதே விழுகின்றன.

நம் குடியரசு தலைவரியோ கல்வித் தகுதியோ கேளாமல், தொடக்கத்திலேயே அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிற்று. வர்ஜீனியாவின் ஏழைகள் 1966 வரை காத்திருந்து பெற்றதை நாம் 1951-52ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலேயே பெற்றுவிட்டோம். ஆனால் வெளிமாநிலத் தமிழருள் பலர் அவ்வுரிமையைத் தாமாகவே இழந்து நிற்பதைக் காண்கிறோம். பெயர் ஊரில் இருக்கும். ஆள் இங்கே இருப்பார். தேர்தல் நாளில் விடுப்புக் கிடைக்காது. கிடைத்தாலும் இரயிலில் இடம் கிடைக்காது. நாமும் பல ஆண்டுகள் பூர்விக ஊரின் பட்டியலில் பெயரை விட்டு வைத்து, அங்கும் வாக்களிக்காமல் இங்கும் வாக்களிக்காமல் காலம் கழித்தவர்களே. ஊரில் பெயரை நீக்கினால் ஊரோடுள்ள உறவே அறுந்துவிடும் என்பது போன்ற ஒரு மயக்கம் நம்மைத் தடுத்தது.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியே அவர் பெயர் பதிய உரிய தொகுதி. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டுமே ஒருவரை அவ்வூரில் வசிப்பவர் ஆக்கிவிடாது. ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் இருத்தலும் ஆகாது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. பட்டியலில் ஏற்கெனவே பெயர் உள்ளவர் வசிப்பிடம் மாறினால் படிவம் 8. வாடகை வீட்டிலோ அரசாங்கக் குடியிருப்பிலோ வசிப்பவரும் இவ்வுரிமை உடையவரே.

நம் தெருவின் விளக்கும், குழாயின் தண்ணீரும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் நாம் வாழும் மாநிலத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றை நிர்வகிக்கும் நாற்காலியில் யார் அமர்வது என்பதை அண்டை வீட்டார் மட்டும் முடிவு செய்யட்டும் என்று நாம் விட்டுவிடலாகாது. வர்ஜீனியாவில் நாற்காலி காலியாகும் நாளைச் சட்டம் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறது. ஆயினும் பட்டியலில் பெயரில்லாதவருக்கு அந்த நாளும் ஏனைய நாட்களைப் போன்றதே என்பதை 1902 முதல் 1966 வரையிலான அம்மாநிலத்தின் வரலாறு காட்டுகிறது. அன்பர்கள் தத்தம் தொகுதியின் பட்டியலில் தம் பெயரும் இல்லத்தார் பெயரும் உள்ளனவா என்று இவ்வாரமே பார்த்து வைப்பார்களாக.