உங்களுக்குத் தெரியுமா? – கிணற்றடிக்கு வரும் பெற்றோல்

✦ திருகோணமலைச் சீனன்குடாவில் காட்டுக்குள் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. கடற்படைக் கப்பல்களுக்காக ஆங்கிலேயர் கட்டியபோது 101. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நடந்த ஜப்பானியத் தாக்குதலில், இல்லாமற்போன இரண்டில் ஒன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. உருகிச் சரிந்த அதன் இரும்பை இன்றும் பார்க்கலாம். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 61 குதங்கள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு. இப்படி ஒவ்வொரு குதமும் கணக்கில் இருக்கிறது. திருகோணமலையின் கிணறுகளுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்பதற்காகவே இந்த வாரப் பத்தி முழுவதையும் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒதுக்குகிறேன்.

✦ பெற்றோல் தண்ணீரைவிட இலேசு. ஒரு லீற்றர் ஏறக்குறைய முக்கால் கிலோதான். நிலத்தில் ஒழுகினால் மண்ணூடாக இறங்கி, நிலத்தடி நீரின் மேல் அப்பம்போலப் படர்ந்து மிதக்கும். மிதப்பதை அள்ளிவிடலாம். ஆனால் அதிலுள்ள பென்சீன் நீரில் கரைந்து, நீர் போகும் திசையிலேயே தானும் போகும்.

✦ பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். பெற்றோலில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரேயொரு லீற்றர் பெற்றோலில் உள்ள பென்சீன், எட்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். வீட்டுக் கிணறுகளாக எண்ணினால் நாற்பது கிணற்றுத் தண்ணீர்! இத்தனைக்கும் அந்த அளவில் பென்சீனின் மணம் மூக்குக்குத் தெரியாது.

✦ ஒரு நொடிக்கு ஒரு துளி ஒழுகினால் நாளொன்றுக்கு நாலு லீற்றர். வருடத்துக்கு ஆயிரத்தைந்நூறு.

✦ கசிவைக் கண்டுபிடிக்கும் முதற் கருவி ஆய்வுகூடத்தில் இல்லை, பெற்றோல் செட்டில் இருக்கிறது. நிலத்தடித் தாங்கிக்குள் அளவுகோலை விட்டு எடுக்கும் அந்தத் தொழிலாளியின் கையில்தான். பவுசர் இறக்கிய அளவு, பம்ப் விற்ற அளவு, கோல் காட்டும் மிச்சம் ஆகிய மூன்றும் நாள்தோறும் பொருந்தவேண்டும். ஆவியானதும், சூட்டில் விரிந்ததும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். அது சில நாள் கூடும், சில நாள் குறையும். வாரக்கணக்கில் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால் தாங்கியிலோ குழாயிலோ ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். கோலின் நுனியில் ஒரு பசையும் பூசுவார்கள். தண்ணீர் பட்டால் அதன் நிறம் மாறும். தாங்கியின் அடியில் தண்ணீர் சேர்கிறதென்றால், அது உள்ளே வந்த வழியால் பெற்றோல் வெளியேயும் போகலாம். அந்தக் கணக்குக் கொப்பியைச் சோம்பலின்றி எழுதுகிறவர் அயல்வீட்டுக் கிணறுகளையும் காக்கிறார் என்பேன்.

✦ திருகோணமலையில் கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: மார்கழியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தண்ணீர், ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது அடியில் கிடக்கும். மேலே மிதக்கும் பெற்றோலும் அதோடு ஏறி இறங்கும். இறங்கும்போது மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறியதும் நீர்மட்டத்துக்குக் கீழே சிறைப்பட்டுக் கிடந்து, மெல்ல மெல்லக் கரையும். ஒரே ஒரு முறை மாதிரி எடுத்துவிட்டு 'சுத்தம்' என்று எழுதித் தருவது இதனால்தான் போதாது. கோடையிலும் மாரியிலும், குறைந்தது ஒரு சில வருடமாவது பார்க்கவேண்டும்.

✦ நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணலில் பெற்றோல் தங்குதடையின்றி இறங்கும். நகரத்துக் கருங்கல்லில் கதை வேறு. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அது ஓடும். பக்கத்துக் கிணறு தப்பிவிட, தள்ளியிருக்கும் கிணறு கெட்டுப்போகலாம்.

✦ இலங்கையில் இந்த விடயத்தை எல்லோரும் பேசவைத்தது சுன்னாகம். அங்கே அனல்மின் நிலையச் சூழலில் இருந்து பரவிய கழிவெண்ணெய், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் ஊடாகக் கிணறுகளுக்குள் வந்தது. குடாநாட்டில் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அந்த நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் சனம் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது பெற்றோல் அல்ல, இன்னும் கனமான எண்ணெய்தான். என்றாலும் ஒரு கிணற்றின் பெறுமதியை நாட்டின் உச்ச நீதிபீடம் எடுத்துச் சொன்ன நாள் அது.

✦ சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. காரணம், தெருவுக்கு அடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவு.

✦ எப்படித் துப்புரவாக்குவது? கசிவை நிறுத்தி, மிதப்பதைப் பம்ப் பண்ணி எடுப்பது முதல் வேலை. அடுத்து, நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் குழாய் இறக்கிப் பெற்றோல் ஆவியை உறிஞ்சுவார்கள்; நீருக்குள் காற்றை ஊதிக் கரைந்ததைக் கிளப்புவார்கள். தண்ணீரை வெளியே இறைத்து, கரி வடிகட்டி வழியே விடுவதும் உண்டு. நம் கரையோரத்தில் இதைக் கவனமாகச் செய்யவேண்டும்: அளவுக்கு மீறி இறைத்தால் பெற்றோல் போய்க் கடல் உப்பு வந்துவிடும்.

✦ மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்னும்! ஒரு கிராம் பென்சீனை முடிக்க மூன்று கிராம் ஒட்சிசன் வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்திருப்பதோ எட்டு மில்லிகிராம் அளவுதான். கீழே காற்று ஊதுவதன் இன்னொரு பலன், அவற்றுக்கு இந்த ஒட்சிசனை ஊட்டுவது. ஆண்டு முழுதும் இளஞ்சூடாக இருக்கும் நம் நிலத்தடி நீர், குளிர்நாட்டு நீரைவிட இந்த உயிர்களுக்கு வசதி.

✦ கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்பவர்களுக்கு: பெற்றோல் ஊறிய மண்ணுக்குள் கறுப்புப் பொலிதீன் குழாய் கிடந்தால், ஓட்டையே இல்லாமல் குழாய்ச் சுவரூடாகப் பென்சீன் உள்ளே போகும்.

✦ கிணற்றில் பெற்றோல் மணந்தால் தீக்குச்சி பற்றவைத்துப் பார்க்கவேண்டாம். குளோரின் போட்டுப் பயனில்லை. அடுப்பில் கொதிக்கவைத்தால் ஆவி குசினிக்குள்தான் நிற்கும். குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

✦ மாதிரி எடுக்க வருபவர் சோடாப் போத்தலோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். இதற்கென்று சின்னக் கண்ணாடிக் குப்பி உண்டு, 40 மில்லிலீற்றர். குமிழி ஒன்றுகூட நிற்காமல் விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். வாளியால் மொண்டு ஊற்றிக் குலுக்கினால், வழியிலேயே பென்சீன் பறந்துவிடும். அறிக்கையில் கிணறு சுத்தம் என்று வரும்.