நடந்த கால் வேறு, படி ஏறும் கால் வேறு

பலமநேரிலிருந்து மொகிலி கணவாய் இறங்கினால் பங்காருபாளையம். மாம்பழக் காலத்தில் தோத்தாபுரிக் காய் ஏற்றிய டிராக்டர்கள் மார்க்கெட் யார்டுக்கு வெளியே வரிசைகட்டும் ஊர். புரட்டாசியில் அதே சாலையில் கோவிந்தா கோஷம் போட்டபடி நடைக்காரர்கள் போவார்கள். இங்கிருந்து திருப்பதி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தார்ச்சாலையில் சளைக்காமல் நடந்து வந்தவர், மலையடிவாரத்தில் சில நூறு படிகள் ஏறியதும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது உண்டு. பக்தியிலோ பலத்திலோ குறையில்லை. நடப்பதும் படி ஏறுவதும் கால் தசைகளுக்கு இரண்டு தனித்தனி வேலைகள்.

சாலையில் கெண்டைக்கால்

சமதள நடையில் பெரும்பங்கு கெண்டைக்காலுக்கு. அங்கே இரண்டு தசைகள் உண்டு. மேலே புடைத்துத் தெரிவது முழங்காலுக்கு மேல், தொடை எலும்பிலிருந்து கிளம்புகிறது. அதன் அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே ஒன்றாகி, குதிகால் எலும்பில் போய்ப் பிடிக்கின்றன. பிடிக்கிற அந்தப் பட்டைதான் அகில்லஸ் தசைநாண். சுமார் 15 செ.மீ. நீளம், உடம்பிலேயே தடித்த, வலுவான தசைநாண்.

பாதம் ஊன்றி உடம்பு அதன்மேல் முன்னே நகரும்போது இந்த நாண் இழுபட்டு விசையைச் சேர்த்துவைக்கிறது. குதிகால் எழும்பும்போது திருப்பித் தருகிறது. தசை பெரிதாகச் சுருங்கவே வேண்டியதில்லை. சோலியஸில் இருப்பவையோ பெரும்பாலும் சீக்கிரம் களைக்காத இழைகள். மூன்று நாள் நடை சாத்தியமாவது இதனால்தான்.

மலையில் தொடை

மலைக்கு ஏறும் அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். சித்தூர், சந்திரகிரி வழியாக வருகிறவர்களுக்குப் பக்கமாக இருக்கும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388. தூரம் குறைவு, செங்குத்து அதிகம். அலிபிரியிலிருந்து ஏறும் உயரம் மட்டும் சுமார் 700 மீட்டர். 60 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ 100 கிலோகலோரி போதும். ஆனால் தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் கால்வாசிதான் வேலையாகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. ஆக, செலவு 400 கிலோகலோரி. ஏறும்போது சட்டை நனைவதும் அதனால்தான்.

இங்கே சேர்த்துவைத்த விசை உதவாது. ஒவ்வொரு படியிலும் தசை புதிதாகச் சுருங்கியே ஆகவேண்டும். அந்தச் சுமை பிட்டத் தசைக்கும், தொடையின் முன்புறமுள்ள நான்கு தசைகளுக்கும் போகிறது. அந்த நான்கும் முழங்கால் சில்லில் கூடி, ஒரே பட்டையாக முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்னெலும்பின் மேற்பகுதியில் பிடிக்கின்றன. முழங்கால் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுக்குச் சில்லின்மேல் அழுத்தம் ஏறும்.

சுமார் 2,000 படிகள் தாண்டி காலி கோபுரம் வந்ததும் பாதை சமமாகி, வேலை மறுபடி கெண்டைக்காலுக்கு வருகிறது. தொடை தேறுகிற நேரம் அது. கடைசிக் கட்டத்தில் ‘முழங்கால் முறிச்சான்’ ஏற்றம் காத்திருக்கிறது. ராமானுஜர் இந்த மலையை மிதிக்கக் கூசி முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம்.

இறங்கினால் தெரியும்

ஏறும்போது வாங்குவது மூச்சு. மறுநாள் வலிப்பது இறங்கியதற்கு. மாங்காய் லாரி மொகிலி இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வருவதுபோல, இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகிப் பிடிக்கிறது. இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இந்த வேலையில்தான் அதிகம். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் வடிந்துவிடும். தசைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை, சில வாரங்கள்வரை அதே வேலைக்கு அவ்வளவாக வலிக்காது.

தயாராவது எப்படி?

புறப்படுவதற்கு ஒரு மாதமாவது முன்பே, நடையோடு மாடிப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் ஏறி படியில் இறங்கினாலும் அது பயிற்சிதான். அவசரப்பட வேண்டாம். தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். குதிகாலுக்குச் சற்று மேலே அகில்லஸ் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. புண்பட்டால் ஆறத் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மலை ஏற வேண்டாம். அந்த மருந்துகள் தசைநாணை அறுந்துபோகும் அளவுக்குப் பலவீனப்படுத்தக்கூடும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் குதிகாலுக்கு மேலே பளீரென்று வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவிவிடாமல் நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், சிறுநீர் கறுத்துப் போனாலும் தாமதிக்கக் கூடாது.

மற்றபடி, மறுநாள் வரும் வெறும் தொடைவலிக்குப் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. மெதுவாக நடமாடினாலே இறுக்கம் தளரும். முதல் தடவை போகிறவர்கள் ஏறி வணங்கிவிட்டு, இறங்குவதைப் பஸ்ஸிடம் விட்டுவிடுங்கள்.